சிறிய கல்லூரியில் எத்னிக் ஸ்டடீஸ்: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 பேர் வரை படிக்கிற, இளங்கலைக்கென்றே நடக்கிற கல்லூரிகளை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பார்கள். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர், ஓபர்லின், மெக்கலஸ்டர், பொமோனா எல்லாம் இந்த வகை. இப்படி ஒரு கல்லூரியில் எத்னிக் ஸ்டடீஸ் படிக்கலாமா என்று யோசிக்கிற மாணவர்களுக்காகவும், "அது என்ன படிப்பு, அதைப் படித்து என்ன செய்வாய்?" என்று கேட்கிற வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கென்று ஒரு மாடியே ஒதுக்கியிருப்பார்கள். சிறிய கல்லூரியில் எத்னிக் ஸ்டடீஸ் என்பது இரண்டு மூன்று பேராசிரியர்கள்தான். அந்த இரண்டு மூன்று பேரைப் பார்த்துத்தான் கல்லூரியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இது என்ன படிப்பு

இன அடையாளம் எப்படி உருவாக்கப்படுகிறது, அதை வைத்து நிலமும் வேலையும் குடியுரிமையும் யாருக்குக் கிடைத்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என்று ஆராய்கிற துறை இது. கறுப்பின அமெரிக்கர், அமெரிக்கப் பூர்வகுடிகள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஆசிய அமெரிக்கர் என்று நான்கு கிளைகளாக வளர்ந்தது. வரலாறு, சமூகவியல், இலக்கியம், சட்டம் எல்லாம் கலந்து வரும். பலர் இதை மானுடவியலோடு குழப்பிக்கொள்கிறார்கள். மானுடவியல் நீண்டகாலம் பிற மக்களை வெளியிலிருந்து போய்ப் பார்த்து எழுதியது. அப்படி எழுதப்பட்டவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்து, எங்கள் கதையை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டதில் பிறந்தது எத்னிக் ஸ்டடீஸ்.

கேட்டதும் சாதாரணமாக இல்லை. 1968 நவம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும், மூன்றாம் உலக விடுதலை முன்னணி என்ற மாணவர் கூட்டணியும் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராட்டம் தொடங்கின. அது 1969 மார்ச் வரை நீடித்தது. இடையில் தற்காலிகத் தலைவராக வந்த பேராசிரியர் எஸ். ஐ. ஹயகாவா, மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டியில் ஏறி ஒயரைப் பிடுங்கிப் போட்டார். அந்தப் புகழோடு பின்னாளில் செனட்டரும் ஆனார் என்பது தனிக்கதை. போராட்டத்தின் முடிவில் அங்கே எத்னிக் ஸ்டடீஸுக்கென்றே ஒரு பிரிவு அமைந்தது. சிறிய கல்லூரிகளிலும் அதே சூடுதான்: 1969 ஜனவரியில் ஸ்வார்த்மோரின் கறுப்பின மாணவர்கள் அட்மிஷன் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள், ஏப்ரலில் வில்லியம்ஸ் மாணவர்கள் ஹாப்கின்ஸ் ஹால் என்ற நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள்.

இந்தப் பழங்கதை எதற்கென்றால், பல கல்லூரிகளில் மாணவர்கள் முழுதாகக் கேட்டார்கள், நிர்வாகம் பாதி கொடுத்தது. அதனால்தான் இன்றைக்கும் பல இடங்களில் இது 'டிபார்ட்மெண்ட்' ஆகாமல் 'புரோகிராம்' ஆகவே இருக்கிறது. டிபார்ட்மெண்டுக்குச் சொந்தமாகப் பணியிடங்கள் உண்டு. புரோகிராம் பெரும்பாலும் வரலாறு, சமூகவியல், ஆங்கிலத் துறைகளிலிருந்து ஆட்களை இரவல் வாங்கி நடக்கும். நீங்கள் சேரப்போகும் கல்லூரியில் இரண்டில் எது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பாடம் எங்கே ஒளிந்திருக்கிறது

கல்லூரித் தளத்தில் 'எத்னிக் ஸ்டடீஸ்' என்று தேடி, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடாதீர்கள். ஓபர்லினில் இதற்குக் கம்பேரடிவ் அமெரிக்கன் ஸ்டடீஸ் என்று பெயர். மெக்கலஸ்டரில் அமெரிக்கன் ஸ்டடீஸ் என்ற பெயரிலேயே இன ஆய்வு நடக்கிறது. கொலராடோ கல்லூரியில் ரேஸ், எத்னிசிட்டி அண்ட் மைக்ரேஷன் ஸ்டடீஸ். கலிஃபோர்னியாவில் பொமோனாவும் அதன் பக்கத்துக் கல்லூரிகளுமான கிளேர்மாண்ட் கல்லூரிகளில் ஆஃப்ரிகானா (ஆப்பிரிக்க வம்சாவளியினர்), ஆசிய அமெரிக்கர், சிக்கானா/லத்தீனா (மெக்சிகோ, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) என்று தனித்தனித் துறைகள், ஐந்து கல்லூரிகளுக்கும் பொதுவாக.

பெயர் கிடைத்ததும் கேட்டலாக் என்ற பாடப் பட்டியலைப் படிப்பீர்கள். கவர்ச்சியான தலைப்புகளாக இருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். பல ஆண்டுகளாக யாரும் நடத்தாத பாடங்கள்கூட அதில் தங்கிவிடும். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தின் பக்கத்தில் ஒவ்வொரு செமஸ்டரிலும் உண்மையில் நடந்த வகுப்புகளின் அட்டவணை இருக்கும். கடைசி மூன்று ஆண்டு அட்டவணையை எடுத்து, எந்தப் பாடம் எத்தனை முறை வந்தது, யார் நடத்தினார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரை நாள் வேலை. கல்லூரி விளம்பரப் புத்தகம் சொல்லாததையெல்லாம் அந்தத் தாள் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: ஆட்களைப் பாருங்கள்

இப்போது அந்தத் தாளில் இருக்கிற பெயர்களைத் தேடுங்கள். பதவிப் பெயரைக் கவனியுங்கள். அசிஸ்டண்ட், அசோசியேட், புரொபசர் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் நிலையான பணி, அல்லது நிலையான பணியை நோக்கிப் போகிறவர். முன்னால் 'விசிட்டிங்' என்று இருந்தால் ஓரிரு ஆண்டு ஒப்பந்தமாக இருக்கும். விசிட்டிங் ஆட்கள் பெரும்பாலும் அருமையாகப் பாடம் நடத்துவார்கள். ஆனால் நீங்கள் மூன்றாம் ஆண்டு வரும்போது அவர் வேறு மாநிலத்தில் இருப்பார். ஒரு புரோகிராமில் நிலையானவர் ஒருவரே இருந்து, மற்றவர்கள் எல்லாம் விசிட்டிங் என்றால் யோசியுங்கள். அந்த ஒருவர் ஆய்வு விடுப்பில் போகும் ஆண்டில் உங்கள் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, வழிகாட்ட ஆள் இருக்காது.

சரி, அதை எப்படித் தெரிந்துகொள்வது? புரோகிராம் தலைவருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். சிறிய கல்லூரியில் பதில் வரும். அதுதான் சிறிய கல்லூரியின் பெரிய லாபம். நீளமாகச் சுயபுராணம் வேண்டாம். மூன்று கேள்வி போதும்: அடுத்த இரண்டு ஆண்டில் யார் யார் விடுப்பில் போகிறார்கள், கடந்த ஆண்டு மேஜர் முடித்தவர்கள் எதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள், இப்போது படிக்கிற மாணவர் ஒருவரோடு பேச முடியுமா. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். அந்த மாணவரிடம் பேராசிரியர்களைப் பற்றியும், புதிய பணியிடம் கேட்டு ஏதாவது நடக்கிறதா என்பதைப் பற்றியும் கேளுங்கள். மாணவர்கள் ஒளிக்க மாட்டார்கள்.

ஆட்கள் குறைவாக இருந்தால் பக்கத்துக் கல்லூரிகளைப் பாருங்கள். கிளேர்மாண்டில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்ப் படிக்கலாம். மாசசூசெட்ஸில் ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர் ஆகியவையும் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்த கூட்டமைப்பில், ஆசிய பசிபிக் அமெரிக்கர் ஆய்வுக்கு ஐந்து நிறுவனங்களும் சேர்ந்து ஒரு சான்றிதழ் தருகின்றன. பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்டு, பிரின் மார் மூன்றும் பாடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. போக வர ஆகும் நேரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள்; குளிர்காலத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கும் எத்னிக் ஸ்டடீஸுக்கும் தனித் தொடர்பு இல்லை. இந்தக் கல்லூரிகளின் விலைப்பட்டியல் பயமுறுத்தும், ஆனால் வசதியுள்ள கல்லூரிகள் தேவையைப் பார்த்துக் கணிசமான உதவி தருகின்றன. வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்ற சில கல்லூரிகள் மட்டுமே வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமல் இடம் தருகின்றன. மற்றவற்றில் உதவி கேட்பது தேர்வைப் பாதிக்கலாம். நவம்பரில் முடிகிற எர்லி டெசிஷன் என்ற வழியில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடாமல் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: முதல் ஆண்டுப் பாடங்கள்

பெரும்பாலான இடங்களில் செமஸ்டருக்கு நான்கு பாடம், பட்டத்துக்கு மொத்தம் 32. கார்ல்டன் கல்லூரியில் பத்து வாரப் பருவங்கள். கொலராடோ கல்லூரியில் மூன்றரை வாரத்துக்கு ஒரே ஒரு பாடம்.

நான்கு பாடம் உள்ள இடத்தில் எத்னிக் ஸ்டடீஸ் அறிமுகப் பாடம் ஒன்று மட்டும் எடுங்கள். ஆர்வத்தில் மூன்று எடுத்தால் வாசிப்பே ஆளை முழுங்கிவிடும். கூட ஒன்று புள்ளியியலாக இருக்கட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுக்கடன், சிறைத் தரவு எல்லாம் இந்தத் துறையில் தினப்படி வருபவை. எண்ணைப் பார்த்து மிரளாத எத்னிக் ஸ்டடீஸ் மாணவரைப் பேராசிரியர்கள் தேடிப் பிடிப்பார்கள். இன்னொன்று மொழி: ஸ்பானிஷ் ஒரு நல்ல முதலீடு. முதல் ஓரிரு வாரம் பாடத்தை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. அந்த நாட்களில் ஒரு வகுப்பு கூடுதலாகவே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: வாசிப்பும் வகுப்பும்

நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் இதுதான். வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு நூறு பக்கத்துக்கு மேல் வாசிக்கச் சொல்வார்கள். பாடப்புத்தகம்போல வரிவரியாக மனப்பாடம் பண்ணினால் புதன்கிழமைக்குள் களைத்துப்போவீர்கள். முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படியுங்கள். அப்புறம் நடுப்பகுதிக்குப் போங்கள். முடித்ததும் மூன்று வரி எழுதுங்கள்: ஆசிரியர் என்ன வாதிடுகிறார், யாருக்கு எதிராக வாதிடுகிறார், என்ன ஆதாரம் வைக்கிறார். இரண்டாவது வரி எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

கலைச்சொற்கள் வரிசையாக வந்து விழும். அகராதி விளக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இருக்கிற வழக்கைத் தேடிப் பிடியுங்கள். இனம், பாலினம் போன்ற பாகுபாடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தாக்குவதைக் குறிக்கிற இன்டர்செக்ஷனாலிட்டி என்ற சொல்லை எல்லாரும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் அதை எழுதியபோது அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளிகளுடையது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. எழுபதுகளில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற விதிப்படி அவர்களே போனார்கள். நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, அவர்கள் ஆண்கள். ஆகவே இரண்டு பாகுபாட்டையும் சேர்த்துக் கேட்கத் தனி வழி இல்லை என்று 1976இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வழக்கு தெரிந்தவருக்கு அந்தச் சொல் மறக்காது, தப்பான இடத்தில் போடவும் மாட்டார்.

வகுப்பில் பன்னிரண்டு, பதினைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பீர்கள். ஒளிய இடமில்லை. ஆசிரியர் கேட்டால் மட்டும் பேசுவது மரியாதை என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே பேசாதவர் வாசிக்காதவர் என்று எடுத்துக்கொள்வார்கள், பங்கேற்புக்கு மதிப்பெண்ணும் உண்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முறையாவது வாய் திறந்துவிடுங்கள். போகப் போகக் கடினமாகும். எளிய வழி ஒன்று: ஒரு பத்தியைப் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு போய், "இந்தப் பத்தி எனக்குப் புரியவில்லை, முந்தைய அத்தியாயத்தோடு முரண்படுகிற மாதிரி இருக்கிறது" என்று சொல்லுங்கள். பெரிய கருத்து சொல்வதைவிட இது வகுப்புக்கு அதிகம் உதவும்.

ஆபீஸ் அவர்ஸ் என்று சிலபஸில் போட்டிருக்கும் நேரத்தில் பேராசிரியர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். பிரச்சினை வந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை. இரண்டாம் வாரமே ஒரு முறை போய் வாருங்கள். சார், மேடம் வேண்டாம். 'புரொபசர்' என்று குடும்பப் பெயரோடு அழையுங்கள். முதற்பெயரால் கூப்பிடு என்று அவரே சொன்னால் அப்புறம் அப்படி. கட்டுரைகளில் 'நான்' என்று எழுதலாம், ஆனால் சொந்த அனுபவம் மட்டும் ஆதாரமாகாது. வரைவை, கட்டுரை எழுத உதவுகிற ரைட்டிங் சென்டரில் காட்டுங்கள். ஆங்கிலம் நன்றாக வரும் என்பவர்களும் போகிறார்கள்.

ஐந்தாம் படி: இந்த வகுப்பில் நீங்கள் யார்

ஒரு நாள் யாராவது உங்களைப் பார்த்து, "இந்தியாவில் இதை எப்படிப் பார்ப்பார்கள்?" என்று கேட்பார்கள். 140 கோடிப் பேருக்கும் பிரதிநிதியாகாதீர்கள். எந்த ஊர், எந்த மொழி, எந்தப் பின்னணி என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

தெற்காசியர்களின் பழைய அமெரிக்க வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த டாக்டர்களோடும் எஞ்சினியர்களோடும்தான் கதை தொடங்குகிறது என்று நினைக்கிறோம். 1907இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில், மர ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை ஒரு கும்பல் அடித்து ஊரைவிட்டே துரத்தியது. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' ஆக மாட்டார், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. திந்த் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு வழக்குப் போட்டது. 1946இல்தான் குடியுரிமைக்குக் கதவு திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்ற ஒதுக்கீட்டோடு.

திந்த் தரப்பு வாதத்தை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். அவர் சீக்கியர், ஆனால் உயர்சாதி இந்து, ஆரியர், அதனால் வெள்ளையர் என்று வாதிட்டார்கள். இனவெறிக்கு எதிரான வழக்கு என்று நாம் நினைத்துப் போகிற இடத்தில் சாதிப் பெருமை சாட்சிக் கூண்டில் நிற்கிறது. சாதி பற்றிய பேச்சு உங்கள் வகுப்பில் வந்தே தீரும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், மேய்ன் மாநிலத்தின் கோல்பி என்ற சிறிய கல்லூரி 2021இலும் பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் சாதியைச் சேர்த்தன. அம்பேத்கர் 1946இல் கறுப்பின அமெரிக்க அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் அமெரிக்காவின் கறுப்பின உரிமை இயக்கமான பிளாக் பேந்தர்ஸைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டது. சாதியும் இனமும் ஒன்றே என்றோ, சம்பந்தமே இல்லை என்றோ அவசரமாகச் சொல்லாமல், இந்தத் தொடர்புகளை எடுத்துவைத்துப் பேசலாம். ஆதிக்க சாதி வீட்டிலிருந்து வந்தவர் வெள்ளை ஆதிக்கத்தைப் பற்றி மட்டும் கொதித்துவிட்டு இதில் மௌனமாக இருந்தால், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் கவனிப்பார்கள்.

ஆறாம் படி: மேஜர், ஆய்வு

இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் மேஜரை அறிவிக்க வேண்டியிருக்கும். மேஜருக்குப் பத்துப் பாடம் அளவில் கேட்பார்கள். அதனால் இரண்டு மேஜர் எடுப்பது சிறிய கல்லூரியில் சாத்தியமே. வெளிநாட்டு மாணவருக்கு அதில் ஒரு சட்ட லாபமும் உண்டு, கீழே சொல்கிறேன். அட்வைசரை மூன்றாம் ஆண்டு தொடக்கத்திலேயே உறுதி செய்து, அவர் நான்காம் ஆண்டில் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி ஆண்டு ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பைச் சின்னதாக எடுங்கள். 'ஆசிய அமெரிக்கர் அடையாளம்' என்பது தலைப்பே இல்லை. ஒரு ஊர், ஒரு பத்தாண்டு, ஒரு செய்தித்தாள் என்று சுருக்கினால் ஓராண்டில் முடியும். சிறிய கல்லூரி நூலகத்தில் எல்லாம் இருக்காது, ஆனால் வெளியூர் நூலகங்களிலிருந்து இலவசமாக வரவழைத்துக் கொடுப்பார்கள். தெற்காசிய அமெரிக்கர்களின் கடிதங்களும் படங்களும் சாடா என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசம். இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களின் நேர்காணல்கள் டென்ஷோ என்ற இணையக் காப்பகத்தில் உள்ளன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தளத்தில் பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

மனிதர்களை நேர்காணல் செய்யப்போகிறீர்கள் என்றால், ஐ.ஆர்.பி. எனப்படும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா என்று முதலில் கேளுங்கள். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் செப்டம்பரிலேயே விண்ணப்பத்தைப் போடுங்கள். கல்லூரிக்குப் பக்கத்துப் புலம்பெயர்ந்தோர் குடியிருப்புகளில், ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவர் வந்து கேள்வி கேட்டுவிட்டுக் காணாமல் போவதைப் பார்த்துச் சலித்திருப்பார்கள். அங்குள்ள அமைப்பில் ஒரு செமஸ்டராவது கூட நின்று வேலை செய்துவிட்டு, பிறகு பேட்டி கேளுங்கள். எழுதி முடித்ததை அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

விசா, வேலை, வீட்டுக் கேள்வி

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளி அமைப்பில் இன்டர்ன்ஷிப் என்றால், சின்ன உதவித்தொகைதான் என்றாலும், தொடங்குவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத்துறை கேட்கிறது. இந்தப் படிப்பில் அரசியல் பேசாமல் இருக்க முடியாது. எங்கே எழுதுகிறோம் என்பதை யோசித்து எழுதுங்கள்.

பட்டம் முடிந்தபின், மாணவர் விசாவிலேயே தரப்படுகிற ஓ.பி.டி. என்ற வேலை அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம், வேலை உங்கள் மேஜரோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் எத்னிக் ஸ்டடீஸுக்கு இல்லை. புள்ளியியல், கணினி அறிவியல் போன்ற ஒன்றை இரண்டாவது மேஜராக எடுத்து, அது கல்லூரி மாணவர் விசாவுக்காகத் தருகிற ஐ-20 படிவத்திலும் பதிவாகியிருந்தால், அந்தத் துறை வேலைக்கு அந்த நீட்டிப்பைக் கேட்கலாம். நான் மேலே சொன்ன லாபம் இதுதான்.

"என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். இதை முடித்தவர்கள் சட்டக் கல்லூரிக்கும், பொதுச் சுகாதாரம், சமூகப்பணி முதுகலைக்கும், பள்ளி ஆசிரியப் பணிக்கும், அருங்காட்சியகங்களுக்கும், தொண்டு நிறுவனங்களுக்கும், பத்திரிகைக்கும் போகிறார்கள். கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் 2020இல் வந்த சட்டத்தால் ஒவ்வோர் இளங்கலை மாணவரும் ஒரு எத்னிக் ஸ்டடீஸ் பாடம் படித்தாக வேண்டும், அதை நடத்த ஆள் வேண்டும். முதல் சம்பளம் கணினித்துறை அளவுக்கு வராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். குடும்பம் கடன் வாங்கித்தான் அனுப்புகிறது என்றால் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல் கிளம்பக் கூடாது.

ஓ.பி.டி. விண்ணப்பத்தை, ஐ-20இல் இருக்கும் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை போடலாம். ஆய்வுக்கட்டுரை கடைசி வரைவும் அதே வாரங்களில்தான் வந்து நிற்கும். ஜனவரியிலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் தேதி வாங்கி வையுங்கள்.